தேன்மொழி சொன்னதும் சொல்லாததும்

என் அண்ணன் மகள் தேன்மொழி வானிலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, எங்கள் காரணிமேட்டில் மழை பெய்தாலும் அவள்மேல் பழி, பெய்யாவிட்டாலும் அவள்மேல் பழி. நெல்லை அறுத்துக் களத்தில் கொட்டிவிட்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். உன் பொண்ணு இன்னா சொல்லுது என்பார்கள். அவள் சொன்னதைக் கேட்டு நடந்தவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. ஆனால் நெல் நனைந்துவிட்டால் மட்டும், அந்தப் பொண்ணு சரியா சொல்லல என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான்.

எங்கள் ஊர் நகரிக்கு மேற்கே, எல்லையில் இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சித்தூர் மாவட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. பேசுவது தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கில். பிள்ளைகளைத் தெலுங்கு மீடியத்தில் போட்டால்தான் வேலை கிடைக்கும் என்று என் அண்ணன் கிருஷ்ணப்பா முடிவு செய்தார். நகரியில் தமிழ் வாத்தியாராக இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் தேன்மொழிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் பெண் கெட்டிக்காரி. திருப்பதியில் இயற்பியல் முதுகலை முடித்தாள், பரீட்சை எழுதினாள், விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்தது.

அங்கே அவளுக்கு முதல் வேலை பலூன் விடுவது. ஹைட்ரஜன் அடைத்த பெரிய பலூனில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி மேலே அனுப்புவார்கள். அது ஏற ஏற, எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம், காற்று எந்தத் திசையில், எவ்வளவு குளிர் என்று கீழே தகவல் வந்துகொண்டே இருக்கும். விட்ட பலூன் திரும்பி வருமா என்று அண்ணன் கேட்டார். வராது என்றாள். அப்படியானால் எதற்கு விடுகிறீர்கள் என்றார். "போற வழியெல்லாம் சொல்லிக்கினே போவும் நைனா, அது போதும்" என்றாள். அண்ணனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், பால் சொசைட்டியில் ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு திருப்பதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒருமுறை அவள் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். டிவியில் ஒருவர் வந்து இன்று மழை என்று சொல்லிவிட்டுப் போகிறாரே, அதற்குப் பின்னால் இத்தனை தலைவலி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வானத்திலிருந்து எடுத்த படம் ஒரு திரையில். ஸ்ரீஹரிகோட்டா ராடார் காட்டும் மேகம் இன்னொன்றில். கம்ப்யூட்டர் போட்ட கணக்குகள் மூன்று நான்கு, ஒன்று நெல்லூரில் மழை என்றால் ஒன்று சென்னையில் என்கிறது, இன்னொன்று கடலிலேயே கொட்டித் தீர்த்துவிடும் என்கிறது. இவர்கள் அதையெல்லாம் பார்த்து, தலைமை அலுவலகத்தோடு வீடியோவில் பேசி, வாதாடி, கடைசியில் மாவட்டத்துக்கு ஒரு நிறம் தீட்ட வேண்டும். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே ஏதாவது செய். ஒரு மாவட்டத்துக்கு மொத்தமாக ஒரே நிறம்தானா என்று கேட்டேன். மேற்கு மூலையில் இருக்கிற பலமனேரிலும் மழை, நகரியிலும் மழை என்று எந்த மேகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது? அதுதான் சித்தப்பா எங்க கஷ்டமும் என்று சிரித்தாள்.

போன வருஷம் அவள் தம்பி முரளிக்குப் பெண் பார்த்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பள்ளிப்பட்டுக்கு அருகே ஒரு கிராமம். பெண் பெயர் ரூபா. கார்த்திகையில் முகூர்த்தம் குறிக்கும்போது சம்பந்தி வீட்டார் தயங்கினார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான். முதல் நாள் பெண்ணை அழைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வர வேண்டும். ஆற்றில் இருப்பது தரைப்பாலம். மழைக்காலமாயிற்றே என்றார்கள்.

அண்ணன் உடனே ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டார். அந்தத் தேதியில் மழை வருமா என்றார். ஒரு மாசத்துக்கு முன்னாலேயே அதை யாராலும் சொல்ல முடியாது என்றாள் அவள். சும்மா சொல்லு என்றார். முடியாது என்றாள். சரி, வராதுன்னாவது சொல்லு என்றார். அவள் அலுத்துப்போய் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் போனை வைத்துவிட்டு, "மழன்னா சொல்லியிருப்பா. ஒண்ணும் சொல்லல பாருங்க" என்றார். சம்பந்தி முகம் மலர்ந்துவிட்டது. பெண் பார்க்கும் இடத்தில் பெண் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டே பழகிய ஜனங்கள் நாங்கள். வானிலையையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். பத்திரிகை அடிக்கும் முன்பே, தேன்மொழி மழை இல்லை என்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி இரண்டு ஊரிலும் பரவிவிட்டது.

கல்யாண வாரத்தில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்து உட்கார்ந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் விடுப்பு ரத்து. உடன்பிறந்த தம்பிக்குப் பெண் அழைப்பு நடக்கும் நாளில் தேன்மொழிக்குப் பகல் டியூட்டி. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன் என்றாள். அண்ணிக்குக் கோபம். என்ன பெரிய வேலை, வானம் அவள் பார்த்தால்தான் இருக்குமா என்றாள்.

முந்தைய இரவு நல்ல மழை பெய்தது. விடிந்தபோது தாழ்வு மண்டலம் கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது. எங்கள் வீடுகளில் ஓடுவது சென்னை டிவி. அதில் காலையிலேயே மழை குறையும் என்று சொல்லி, எந்தெந்த மாவட்டத்தில் பெய்யும் என்று வரிசையாக வாசித்தார்கள். அது தமிழ்நாட்டுப் பட்டியல். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் பெயர் அதில் எந்தக் காலத்திலும் வராது. பெயர் வரவில்லை, அதனால் நமக்கு மழை இல்லை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. எனக்கு இதைக் கேட்டால் ஆத்திரமாக வரும், ஆனால் அன்றைக்கு நானும் அந்த டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேன்மொழியும் காலையில் பேசினாள். சித்தூர் மாவட்டம் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிவிட்டது, ஆனாலும் ஆற்றின்மேல் ஒரு கண் வையுங்கள் என்றாள். அண்ணன் காதில் பாதிதான் விழுந்தது. மஞ்சள் கல்யாணத்துக்கு நல்லதுதானே என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்ணை எதிர்கொண்டு அழைக்க ஆற்றங்கரையில் கூடினோம். ஆரத்தித் தட்டோடு பெண்கள். மேளக்காரர்கள். மைக் செட் வேங்கடாசலம் டிராக்டர் டிரெய்லரில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் குழாயைக் கட்டி, எதிர்க்கரைக்கும் கேட்கட்டும் என்று அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். மாப்பிள்ளை முரளிக்குக் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவன் ஆற்றங்கரைக்கு வரக்கூடாது என்பதால் வீட்டில் இருந்தான். தரைப்பாலத்தின் மேல் ஈரம்கூட இல்லை. தண்ணீர் அடியில் குழாய்கள் வழியாக அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. மேற்கே கார்வேட்டிநகரம் மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. அது வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான் கிடக்கும்.

அந்த நேரத்தில் திருப்பதியில் நடந்ததைத் தேன்மொழி பிறகு எனக்குச் சொன்னாள்.

கரையைக் கடந்துபோன மண்டலத்தின் மிச்சம் ஒன்று கார்வேட்டிநகரம் மலைமேல் மாட்டிக்கொண்டிருந்தது. ராடாரில் ஒரு சின்ன மேகக் கூட்டம், நகராமல் அதே இடத்தில். நகரும் மேகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர்களுக்குப் பயமில்லையாம். நகராததுதான் பயம். மலையடிவாரத்தில் தானாக மழையை அளந்து அனுப்பும் ஒரு கருவி இருக்கிறது. அதிலிருந்து வந்த எண் ஒவ்வொரு முறையும் ஏறியது. பிறகு எகிறியது. அதற்குப் பிறகு எண்ணே வரவில்லை.

பக்கத்தில் இருந்த மோகன்ராஜ், அவளோடு வேலை செய்கிறவர், டவர் போயிருக்கும் என்றார். ராடாரிலும் மேகம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. மழை விட்டிருக்கலாம். இல்லையென்றால், மேலே வெளுத்துக் கீழே கொட்டிக்கொண்டிருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து ராடார் பார்ப்பது மேகத்தின் தலையைத்தான், காலை அல்ல. கருவி பேசாமல் இருக்கிறது. மழை நின்றதால் பேசாமல் இருக்கிறதா, மழை அதை மூழ்கடித்ததால் பேசாமல் இருக்கிறதா?

"எனக்கு அப்ப நைனா ஞாபகம்தான் வந்துச்சு சித்தப்பா" என்றாள். "ஒண்ணும் சொல்லல பாருங்கன்னு சொன்னாரே, அது."

தலைமை அலுவலகத்தில் இருந்த மூத்த அதிகாரி வெங்கடரமணனைக் கூப்பிட்டாள். சிவப்புக்குப் போக வேண்டும், மலைக்குக் கீழே ஆறுகளில் திடீர் வெள்ளம் வரும் என்றாள். அவர் நல்ல மனிதர், நிதானமானவர். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, அன்றைக்கு அவள் வீட்டில் விசேஷம் என்று தெரிந்தவராகையால், தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சிவப்பு ராடார் சொல்கிறதா அம்மா, உன் வீட்டுக் கல்யாணம் சொல்கிறதா?

கேட்க வேண்டிய கேள்விதான். இல்லாத வெள்ளத்துக்குச் சிவப்புக் கொடுத்தால், அடுத்த முறை இருக்கிற வெள்ளத்துக்கு எவனும் எழுந்திருக்க மாட்டான். அவளுக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, பயம்தான் வந்தது என்றாள். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கே தெரியவில்லை. தன் தம்பிப் பெண்டாட்டி வருகிற ஆறு என்பதால் பெரிதாகத் தெரிகிறதா? அல்லது அப்படி நினைத்துப் பயந்து, இருப்பதைச் சின்னதாகப் பார்க்கிறோமா?

எனக்குச் சொல்லத் தெரியவில்லை சார், கல்யாணம் இல்லாத ஒருவர் பார்க்கட்டும் என்றாள். திரையை மோகன்ராஜ் பக்கம் திருப்பிவிட்டு, தான் நினைத்ததை ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லாமல் அறையை விட்டு வெளியே போனாள். வராந்தாவில் நின்றாள். சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாளாம். கையிலேயே போன் இருந்தது. வீட்டு நம்பரை அழுத்தினால் போதும். ஆனால் அலுவலகம் சொல்வதற்கு முன் அங்கே வேலை செய்கிறவள் தன் வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தால் எதை நம்புவது என்று ஜனங்கள் திண்டாடுவார்கள். இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் அழுத்தவில்லை.

மோகன்ராஜ் கதவைத் திறந்து, சிவப்பு என்றார். பக்கத்து மலையில் இருந்த இன்னொரு கருவியையும் பார்த்துவிட்டாராம், அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. வெங்கடரமணன் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கை கிளம்பியது.

ஆற்றங்கரையில் எங்கள் போன்களில் பாதி ஒரே நேரத்தில் அலறியது. பாதிதான். மீதிப் போன்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டவர், அவை தங்களைத் தமிழ்நாட்டுப் போன் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தன. என்னுடையதும் அப்படித்தான். அலறிய போன்களில் வந்திருந்தது தெலுங்கு. வயசானவர்களுக்குத் தெலுங்கு படிக்க வராது. படிக்கத் தெரிந்த பையன்கள் மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்த போனை அமுக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். நாடு முழுக்க மழையைப் பார்த்து, கணக்குப் போட்டு, சண்டை போட்டு, கடைசியில் ஆள் கையில் கொண்டுவந்து கொடுத்த செய்தி, வேட்டி மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

எதிர்க்கரையில் பூ கட்டிய வேன் தெரிந்தது. முன்னால் சீர்வரிசை ஏற்றிய டெம்போ, பீரோவும் கட்டிலும் வெயிலில் மின்னின. பெண்கள் குலவை போட்டார்கள். அப்போதுதான் என் சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்துக் காதில் பொத்திக்கொண்டேன்.

"சித்தப்பா, எங்க கீறீங்க?"

ஆற்றங்கரையில்தான், பெண் வண்டி வந்துவிட்டது என்றேன்.

"தண்ணி வருது. வண்டி பாலத்துல ஏறக் கூடாது. நைனாகிட்ட குடுங்க."

அவள் குரல் சாதாரணமாக இருந்தது. எச்சரிக்கை வாசிக்கும் குரல் அது, வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே அண்ணனிடம் ஓடினேன். அவர் வானத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். இன்னாடா வெயிலு அடிக்குது என்றார். சொல்லி முடிப்பதற்குள் டெம்போ சரிவில் இறங்கிப் பாலத்தில் ஏறிவிட்டது. வேன் அதன் பின்னால் சரிவின் பாதியில் வந்து நின்றது.

அண்ணன் போனை வாங்கினார். நானும் காதை ஒட்ட வைத்துக்கொண்டேன். ரெட் அலர்ட் கொடுத்திருக்கிறோம் நைனா என்றாள். காலையில் மஞ்சள் என்று சொன்னாயே என்றார் இவர்.

"கலர வுடு நைனா" என்றாள். "ஆத்து நடுவுல கல்லுத் தூண் கீது இல்ல, அது முழுவும். நீ நிக்கற எடத்துல இடுப்பளவு நிக்கும். ரூபா வண்டி நடுப்பாலத்துல இருக்கும்."

அண்ணன் முகம் மாறிவிட்டது. அந்தத் தூண் அவர் தினம் பார்ப்பது. ஆனாலும் கால் நகரவில்லை, அதற்குக் காரணம் இருந்தது. எங்களில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் புறப்பட்ட பெண் மாப்பிள்ளை ஊரைக் கண்ணால் பார்த்த பிறகு அதற்கு முதுகு காட்டக்கூடாது. எங்கள் பெரியப்பா மகள் பாப்பாத்திக்கு அப்படி நடந்தது. ஏதோ சண்டையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சண்டை மறுநாளே தீர்ந்தது, ஆனால் முதுகு காட்டிய பெண் என்று சொல்லி அதற்குப் பிறகு ஒருத்தனும் அவளைக் கேட்டு வரவில்லை. எனக்கு இந்த மாதிரி சாஸ்திரங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பாப்பாத்தி இன்றும் தனியாகத்தான் இருக்கிறாள்.

"பொண்ணு முதுகு காட்டக் கூடாதும்மா" என்றார் அண்ணன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"காட்ட வாணாம். ரிவர்ஸ்ல போவச் சொல்லு. மூஞ்சி நம்ம ஊரப் பாத்துக்கினே பின்னால போவட்டும்."

அவள் பக்கத்தில் வேறொரு போன் அடிக்கும் சத்தம் கேட்டது. நிற்காமல் அடித்தது. "கீழ ஊருக்கெல்லாம் சொல்லணும் நைனா, நான் வெக்கறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அண்ணன் செத்த போனை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை என் கையில் திணித்துவிட்டு டிரெய்லருக்கு ஓடி, வேங்கடாசலத்தின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். என் அண்ணன் வாழ்க்கையில் மைக்கைத் தொட்டதில்லை. பஞ்சாயத்துக் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் உட்காருகிறவர். டிரெய்லரின் முனையில், ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு கத்தினார்.

"டெம்போக்காரரே, வண்டிய வுட்டுட்டு ஓடியா. பொண்ணு வண்டி, ரிவர்ஸ் எடு. திருப்பாத, ரிவர்ஸ். தண்ணி வருது, ரிவர்ஸ்."

எதிர்க்கரையில் யாருக்கும் புரியவில்லை. அவர்கள் போனில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, அவர்கள் மாவட்டத்துக்கு எதுவும் இல்லையே. வேனிலிருந்து ஒருவர் இறங்கிக் கையை ஆட்டி என்ன என்று கேட்டார். வேன் டிரைவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வண்டி நகரவில்லை. அண்ணன் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இருந்த எல்லோரும் சேர்ந்து கையைப் பின்னால் தள்ளித் தள்ளிக் காட்டினோம். ஆரத்தித் தட்டை வைத்திருந்தவளும் தட்டோடு காட்டியதில் சிவப்புத் தண்ணீர் அவள் புடவையெல்லாம் கொட்டியது.

அப்போது ஆற்றில் சத்தம் மாறியது. சுவர் மாதிரி வரும் என்றெல்லாம் சொல்வார்கள், அப்படி ஒன்றும் வரவில்லை. முதலில் நுரை வந்தது. அதன்மேல் சருகு, தேங்காய் மட்டை, யாருடைய செருப்போ ஒன்று. பாலத்தடிக் குழாய்கள் கொப்பளித்தன. டெம்போ டிரைவர் அதைப் பார்த்தார். கதவைத் திறந்து குதித்து எங்கள் பக்கம் ஓடிவந்தார், பாதி வழியில் அவர் கணுக்காலில் தண்ணீர், கரையேறும்போது முழங்காலில். அவர் கையைப் பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன்.

வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு சரிவில் பின்னால் ஏற்ற ஆரம்பித்தார். ஈர மண்ணில் சக்கரம் ஒருமுறை சுழன்று நின்றது. மறுபடி ஏறியது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ரூபா எங்களைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் போனாள். நெற்றிச்சுட்டி மின்னியது மட்டும் எனக்குத் தெரிந்தது. வேன் மேட்டில் ஏறி நின்றபோது கல்லுத் தூண் முழுகியிருந்தது. டெம்போ ஒருபக்கம் சாய்ந்தது, பீரோ கதவு திறந்துகொண்டது, எல்லாமாகச் சேர்ந்து போயிற்று. எங்கள் தலைக்கு மேல் வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

இது எதுவும் தேன்மொழிக்குத் தெரியாது. அவளுக்கு ஆற்றோடு கீழே இன்னும் எத்தனையோ ஊர் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரிகளுக்குத் தன் எழுத்துக்கூட்டும் தமிழில் செய்தி எழுதி அனுப்பினாள். ஏரி மதகுப் பொறுப்பில் இருந்தவர்களைப் பிடித்தாள். அடுத்த அறிக்கையில் எந்தெந்த வட்டாரம் என்று தட்டச்சு செய்யும்போது நகரி என்ற பெயரில் கை நின்றுவிட்டதாம். மோகன்ராஜ் அவளை நகரச் சொல்லித் தானே அடித்தார். நான் அவளை எத்தனையோ முறை கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. ஊரே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகுதான் அவள் போன் கிடைத்தது. எடுத்தவள் ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கீறாங்கம்மா" என்றேன்.

அவள் அழுதாள். சத்தமாக, சின்னப் பிள்ளையில் அழுததுபோல. நான் பீரோ போன கதையைச் சொல்லிச் சமாளித்தேன்.

கல்யாணம் மறுநாள் பெண் ஊரில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டைத் தேடிப்போய்த் தாலி கட்டுவது எங்கள் பக்கத்தில் கௌரவக் குறைச்சல். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் முரளியை அழைத்துக்கொண்டு நகரி பெரிய பாலம் சுற்றிப் போனார். தேன்மொழி கண் வீங்கிப்போய், திருப்பதியிலிருந்து நேராக மண்டபத்துக்கே வந்தாள்.

காரணிமேட்டில் அந்த இரண்டு நாளும் ஒரு சொட்டு மழை இல்லை. பந்தியில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் வாய் கூசாமல் சொன்னார், தேன்மொழி மழை வராதுன்னு அன்னிக்கே சொல்லுச்சே, அதேபோல வரலியே என்று. பக்கத்தில் இருந்த முனியப்பன், சம்பந்திக்குப் பங்காளி, அதை நம்பிவிட்டார். அவர் மகளுக்கு வைகாசியில் தேதி பார்த்திருந்தார்கள். இலையைத் தாண்டிக் குனிந்து, அன்றைக்கு மழை எப்படிம்மா என்றார். தேன்மொழி வாயில் சோற்றோடு அவரைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணன் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

"அவ ஒண்ணும் சொல்லலன்னா, இன்னும் தெரியலன்னு அர்த்தம்" என்றார். "மொத நாளு கேளு. அன்னிக்கும் கேளு. போன் அடிச்சா மேளத்த நிறுத்திட்டு எடு."

தேன்மொழி இலையைப் பார்த்தபடி சிரித்தாள், எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

சாப்பாடு முடிந்து ரூபா அவளிடம் வந்து உட்கார்ந்தாள். புதுத் தாலியின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருந்தது. நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, வண்டி பின்னால போச்சே, அப்ப நான் மாமாவத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஒரு கையில மைக்கு, ஒரு கையில துண்டு. கண்ணத் தொடச்சிக்கினே ரிவர்ஸ் ரிவர்ஸ்னு கத்திக்கினு இருந்தாரு."

அண்ணன் அழுதார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்கள் கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தது அவருடைய முதுகைத்தான்.